நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்குமா?
ஆயுத பூஜை அன்று கற்ற பாடம்

(நமது பொம்மனஹள்ளி நிருபர்)

காலை எட்டு மணிக்கு பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலை ஓரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தலைக்கு மேலே 2010-ம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலத்தில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கார்கள் பறக்கின்றன. பக்கத்திலேயே 2025 ஆகஸ்ட் மாதம் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோ ரயில். கீழே, தூண்களுக்கு நடுவில், பஸ்களுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் ஒதுங்கியபடி சைக்கிள்காரர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். கம்பெனி காவலாளிகள், கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள், பால்காரர், பேப்பர் போடும் பையன்கள் என்று அந்த வரிசையில் பலர் உண்டு. அவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் வந்து இங்கே குடியேறியவர்கள்.

அடியேனும் அந்த வரிசையில் ஒருவன்தான். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. ஆபீசுக்குப் பாதி தூரம் சைக்கிள், மீதி பஸ். பதினைந்து வருடமாகச் சைக்கிள் ஓட்டியும், அதை நிறுத்துவது எப்படி என்பதை மூன்று வருடங்களுக்கு முன்புதான் கற்றுக்கொண்டேன். கற்ற விதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைப்போல இன்னொருவர் விழக்கூடாது அல்லவா?

எலுமிச்சம்பழமும் எண்ணெய்த் துணியும்

அன்று ஆயுத பூஜை. காலையிலேயே சைக்கிளைக் கழுவி, மட்கார்டு முதல் பெடல் வரை துடைத்தேன். ரிம்மில் இரண்டு மூன்று இடங்களில் துரு தட்டியிருந்தது. பூஜைக்கு வைக்கிற வண்டி மின்ன வேண்டாமா? தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு, இரண்டு சக்கரத்து ரிம்மையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். வெள்ளிபோல் பளபளத்தது. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம்.

மாலையில் பொரி வாங்கி வரலாம் என்று, நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளைக் கேரியரில் உட்காரவைத்துக் கிளம்பினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெங்களூரில் அது புதிதல்ல. வருடத்திலேயே அதிக மழை பெய்வது இங்கே செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான். பேகூர் சாலையிலிருந்து இறங்கும் ஒரு கிராஸில் சரிவாகப் போகும்போது, கீழே ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. இரண்டு பிரேக்கையும் ஹேண்டில்பாரோடு ஒட்டும்படி அழுத்தினேன். வேகம் கொஞ்சமும் குறையவில்லை. சோப்புக்கட்டியைக் கையில் பிடித்தமாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

வீடு கட்டுபவர் ஒருவர் தெருவில் கொட்டிவைத்திருந்த மணல்மேட்டில் வண்டியைத் திருப்பினேன். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம். எனக்கு முழங்காலில் அடி. பெண்ணுக்கு முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். அவள் அழவில்லை. மணலைத் தட்டிக்கொண்டே, "ஏம்பா, பிரேக் பிடிக்கலையா?" என்று கேட்டாள். பிடித்தேன் என்று சொன்னால் நம்புவாளா? அன்று இரவு வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

விரலால் தொட்டுச் சொன்ன பெரியவர்

மறுநாள் நாங்கள் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கடை வைத்திருப்பவர் தருமபுரிப் பக்கத்துப் பெரியவர். வாடகை சைக்கிள் விட்ட காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறார். வாடகை சைக்கிள் போய், பங்க்சரும் ஓவராயிலும் மட்டும் மிச்சம்.

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே ரிம்மில் ஒரு விரலை வைத்து இழுத்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்கா எண்ணெயா சார்?"

"ஆமாங்க, பூஜைக்கு..."

"தலைக்குத் தடவறதை சக்கரத்துக்குத் தடவினா அது எப்படி நிக்கும்? இதுமேலதானே சார் கட்டை வந்து பிடிக்கணும்?"

இத்தனை வருடத்தில் இந்தச் சின்ன விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. சைக்கிளின் பிரேக் என்பது கைப்பிடியும் கம்பியும் மட்டுமல்ல. ரிம்மும் பிரேக்கின் ஒரு பாகம். மோட்டார் வண்டியில் டிரம் என்றும் டிஸ்க் என்றும் தனியாக வைத்திருக்கிறார்கள். நம் சைக்கிளுக்கு ரிம்தான் டிஸ்க். அதுவும் 28 அங்குலச் சக்கரத்தின் ரிம் என்றால் எவ்வளவு பெரிய டிஸ்க்!

ரயிலிலும் இதே கதைதான்

ஆபீசில் இதைச் சொன்னபோது, ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெறும் நிலையிலிருந்த ஒரு நண்பர் சிரித்தார். "நம்ம வேகனிலும் இதேதானே ஐயா? பிரேக் கட்டை போய்ச் சக்கரத்தையே அமுக்குது. உங்க சைக்கிளும் வேகனும் ஒரே ஜாதி" என்றார்.

உண்மைதான். சரக்கு வேகன்களில் பிரேக் கட்டை நேராகச் சக்கரத்தின் ஓடுபரப்பையே அழுத்துகிறது. கட்டை தேயத் தேய இடைவெளி கூடும். அந்த இடைவெளியைத் தானாகச் சரிசெய்ய ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் அந்த வேலையை நாம் ஸ்பானரை வைத்துச் செய்ய வேண்டும். மழையில் தண்டவாளம் வழுக்கினால் என்ஜின் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் ஏற்பாடும் உண்டு. வழுக்கும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் சொரசொரப்பை உண்டாக்குவதுதான் அதன் நோக்கம்.

ஒரே ஒரு வித்தியாசம் முக்கியமானது. 1870-களில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கண்டுபிடித்த தானியங்கிக் காற்று பிரேக்கில், பெட்டிகளுக்கு இடையே குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளில் நேர்மாறு. கம்பி அறுந்தால் பிரேக்கே கிடையாது. அதனால்தான் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வைத்திருக்கிறார்கள். முன் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிற தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் செய்யும் வேலை

எண்ணெய் தடவியது என் தவறு. எண்ணெயே இல்லாவிட்டாலும் மழையில் சைக்கிள் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லையே, ஏன்?

காரணம் நம் ரிம்களின் மேல்பூச்சு. சாதாரண சைக்கிள்களில் ரிம் எஃகினால் ஆனது. அதன்மேல் குரோமிய முலாம். துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் பார்வைக்கும் அது நல்லது. ஆனால் கண்ணாடிபோல் வழவழப்பானது. தண்ணீர் பட்டால் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் மெல்லிய படலமாக நின்றுவிடுகிறது. ரப்பர் அந்தத் தண்ணீரின் மேல் வழுக்கிப் போகிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1971-ல் ஹான்சன் என்ற மாணவர் இதையே ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். சாதாரண பிரேக் கட்டைகளுக்கு ஈரத்தில் கிடைக்கும் உராய்வு, காய்ந்த நிலையில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அவர் கண்டார். பிரேக்கை முழுதாக அழுத்திய பிறகும் சக்கரம் சுமார் 30 சுற்று சுற்றிய பிறகே பிடிப்பு ஏறத் தொடங்கியதாம். 26 அங்குலச் சக்கரத்தில் 30 சுற்று என்றால் 60 மீட்டருக்கு மேல். பேகூர் சாலையில் 60 மீட்டர் காலியாக எங்கே கிடைக்கும்?

என் கணக்கையே போட்டுப் பார்த்தேன். நான், மகள், சைக்கிள் எல்லாம் சேர்ந்து சுமார் 110 கிலோ. வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 5 மீட்டர். சமதரையில் இதை 3 மீட்டரில் நிறுத்த வேண்டுமானால் கிட்டத்தட்ட 45 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு தேவை. பிடிப்பு பத்தில் ஒன்றாகிவிட்டால் 3 மீட்டர் 30 மீட்டராகிவிடும். சரிவு என்றால் இன்னும் மோசம். அபாயத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு விநாடி ஆனால், அதற்கே 5 மீட்டர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டார் இதற்குப் பல வழி பார்த்தார்கள். குரோமிய ரிம்முக்கென்று தோல் ஒட்டிய பிரேக் கட்டைகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. ஈரத்தில் ரப்பரைவிடத் தோல் நன்றாகப் பிடிக்கும். ரிம்மின் பக்கவாட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் குழி போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வெற்றி பெற்றது அலுமினிய ரிம். ஈரத்தில் குரோமிய எஃகைவிட அலுமினியத்தில் பிடிப்பு எவ்வளவோ மேல். எடையும் குறைவு. இன்று கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் அதுதான் வருகிறது.

மேம்பாலத்தடியில் ஒரு பையன்

பெரியவர் கடையில் என் வண்டி தலைகீழாக நின்றுகொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். பதினேழு பதினெட்டு வயதிருக்கும். மாலை நேரங்களில் மேம்பாலத்தடியில் சைக்கிளை வைத்து வித்தை காட்டும் கூட்டத்தில் அவனைப் பார்த்திருக்கிறேன். பின்சக்கரத்தில் மட்டும் நின்று, கல்திட்டுமேல் தாவி, அசையாமல் நிற்பான். சின்ன அலுமினிய ரிம் வைத்த சைக்கிள்.

"தாத்தா, ரிம்மை கிரைண்டர் வச்சு லேசா கீறி விடுங்க. வெளிநாட்டுல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. போன்ல வீடியோ இருக்கு" என்றான்.

"மாட்டேன்" என்றார் பெரியவர்.

எனக்கு ஆவல் வந்தது. விசாரித்ததில், பையன் சொன்னது பொய்யல்ல என்று தெரிந்தது. 'ட்ரையல்ஸ்' என்று ஒரு சைக்கிள் விளையாட்டு இருக்கிறது. பாறை, மரக்கட்டை, திட்டு என எதன்மேலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறிப்போக வேண்டும். கால் ஊன்றினால் தண்டம். மோட்டார் சைக்கிளில் இருந்த இந்தப் போட்டி, 1970-களில் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில் சைக்கிளுக்கு வந்தது. மொந்தேசா மோட்டார் சைக்கிள் கம்பெனியைச் சேர்ந்த பெரே பி என்பவர் தன் மகனுக்காக இதில் இறங்கினார். அந்த மகன் ஓட் பி பிற்பாடு உலக சாம்பியனானார்.

இந்த விளையாட்டில் பிரேக்தான் உயிர். திட்டின் விளிம்பில் பின்சக்கரத்தில் மட்டும் நிற்கும்போது, சக்கரம் ஒரு விரல்கடை உருண்டாலும் ஆள் கீழே. அதனால் அவர்கள் அலுமினிய ரிம்மின் பக்கங்களைக் கிரைண்டரால் கீறிச் சொரசொரப்பாக்குகிறார்கள். அந்தக் கீறல்கள் ரப்பரைக் கவ்விக்கொள்ளும், ஈரத்திலும் பிடிக்கும். சிலர் ரிம்மில் துளி தார் தேய்ப்பதும் உண்டு. காய்ந்திருக்கும்வரை அது கோந்துபோல் பிடிக்கும், மழை வந்தால் உதவாது. பிரேக்கை அழுத்தும்போது சட்டத்தின் கால்கள் வெளிப்பக்கம் விரிந்துகொடுக்காமல் இருக்க, லாடம்போல் வளைந்த ஒரு தகட்டை இரண்டு பக்கமும் சேர்த்து முடுக்குகிறார்கள். கம்பிக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ரிம் பிரேக்கை ஜெர்மனியின் மகுரா நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. ட்ரையல்ஸ்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படியென்றால் பெரியவர் ஏன் மறுத்தார்? அவரே சொன்னார்:

"தம்பி, நிக்கிறதுக்கு ஒரு பிரேக்கு, நிறுத்துறதுக்கு ஒரு பிரேக்கு. நீ திட்டுமேல நிக்கணும், உனக்கு ஒரேயடியாப் பிடிச்சுக்கணும். அதே வண்டியிலதான் காலையில பேப்பர் போடப் போறே. ஓசூர் ரோட்டுல முன்னால ஆட்டோ நின்னா, நீ லேசாத் தொட்டதும் சக்கரம் கல்லா நின்னுடும். நீ ஹேண்டில் மேல பறந்து போவே. அதுவுமில்லாம ரிம்மு ஏற்கெனவே தேஞ்சிருக்கு. இன்னும் கீறினா ஒருநாள் காத்து அடிக்கும்போதே வாய் பிளந்துக்கும்."

பையனின் ரிம்மில் ஒரு கோடு இருந்த இடத்தைக் காட்டினார். பல அலுமினிய ரிம்களில் பக்கவாட்டில் மெல்லிய பள்ளக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். அந்தக் கோடு மறைந்துவிட்டால் ரிம் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். பையனுடையதில் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. அவன் முகம் வாடிவிட்டது. அவன் வயதில் எனக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. பெரியவர் விடவில்லை. "உக்காரு. கீறாமலே பிடிக்கிற மாதிரி பண்ணித் தரேன்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்ததைத்தான் வாசகர்களுக்காகக் கீழே எழுதியிருக்கிறேன். என் பழைய வண்டிக்கும், பையனின் வித்தை வண்டிக்கும் வேலை ஒன்றுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

1. ரிம் சுத்தம். சோப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் ரிம்மின் பக்கவாட்டில் படக்கூடாது. செயினுக்கு எண்ணெய் விட்ட துணியால் ரிம்மைத் துடைப்பது பெரிய பிழை. கறுப்பாக ஒட்டியிருக்கும் பழைய ரப்பர் கறையை அலுமினிய ரிம்மில் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுக்கலாம். குரோமிய ரிம்மில் உப்புத்தாள் கூடாது. முலாம் போய்த் துரு ஏறும்.

2. கட்டையைப் பாருங்கள். பழைய ரப்பர் வெயிலில் காய்ந்து, மேலே பளபளவென்று இறுகிவிடும். கழற்றி உப்புத்தாளிலோ அரத்திலோ தேய்த்து அந்தப் பளபளப்பை எடுக்க வேண்டும். அலுமினிய ரிம் என்றால் ரப்பருக்குள் உலோகத் துகள்கள் பதிந்திருக்கும். ஊசியால் கிளறி எடுத்துவிடுங்கள். இல்லையேல் அவை ரிம்மை அறுக்கும். எண்ணெய் குடித்த ரப்பரைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். என்னுடையதை மாற்றினேன்.

பெரிய கட்டை போட்டால் அதிகம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அழுத்தம் ஒன்றாக இருந்தால் உராய்வும் ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய கட்டை அதிக நாள் உழைக்கும், அவ்வளவே. எந்த ரப்பர், எவ்வளவு சுத்தமான ரிம் என்பதுதான் முக்கியம்.

3. கட்டை உட்காரும் இடம். கட்டை முழுதும் ரிம்மில் பட வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் டயர் அறுந்து டியூப் வெடிக்கும். கீழே இறங்கியிருந்தால் நழுவிச் சக்கரத்துக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொள்ளும். சில கட்டைகளின் உலோகக் கூடு ஒரு பக்கம் திறந்திருக்கும். கட்டை இருக்கும் இடத்தில் சக்கரம் எந்தத் திசையில் ஓடுகிறதோ, மூடிய பக்கம் அந்தத் திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிரேக் பிடித்தவுடன் ரப்பர் கூட்டைவிட்டு வெளியே பறந்துவிடும். கடைகளில்கூடச் சில சமயம் இந்தத் தவறு நடக்கிறது. நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

4. இடைவெளி. கட்டைக்கும் ரிம்முக்கும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. தொட்டால் கையின் பலமெல்லாம் ஹேண்டிலுக்குப் போகிறது, சக்கரத்துக்கு வருவதில்லை.

5. பெண்டு எடுத்தல். ரிம் கோணியிருந்தால் இடைவெளியைக் குறைக்க முடியாது. ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் தொடாது. நம் சாலைப் பள்ளங்களில் விழுந்து எழும் சக்கரத்துக்கு வருடம் ஒருமுறையாவது பெண்டு எடுப்பது அவசியம்.

6. கம்பியும் மூட்டும். கம்பி பிரேக்கில் உள்கம்பி ஓரிழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெளிக்குழாய் தேவைக்கு மேல் நீளமாக வளைந்து தொங்கினால், கை அழுத்தம் குழாயைச் சுருக்குவதிலேயே போய்விடும். குழாய்க்குள்ளும் மூட்டுகளிலும் ஒரு துளி எண்ணெய் விடலாம். பழைய கம்பிப்பிடி பிரேக் உள்ள கறுப்பு சைக்கிள்களில் நட்டுகள் தளர்ந்து ஆட்டம் கொடுக்கும். ஒவ்வொரு மூட்டிலும் உள்ள ஆட்டத்தை எடுத்தாலே பிரேக் பாதி சரியாகிவிடும். ட்ரையல்ஸ்காரர்கள் லாடத் தகடு போடுவதன் தத்துவமும் இதுதான். கையின் பலம் வழியில் வீணாகக் கூடாது.

7. கீச்சொலி. கட்டையின் ஒரு முனை, சக்கரம் ஓடும் திசையில் இருக்கும் முனை, ஒரு மில்லிமீட்டர் முன்னதாக ரிம்மைத் தொடும்படி திருகி வைத்தால் கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஓட்டுவதிலும் இருக்கிறது

மழையில் ஓட்டும்போது, நிறுத்த வேண்டிய இடம் வரும்வரை காத்திருக்காதீர்கள். முன்கூட்டியே பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால் ரிம்மில் உள்ள தண்ணீரைக் கட்டை வழித்துவிடும். பிறகு அழுத்தினால் பிடிக்கும்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். பஸ் திடீரென நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? சைக்கிளிலும் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் லேசாகிச் சறுக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி மலைக்குச் சைக்கிளில் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையிறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கக்கூடும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வேகம் ஏறும் முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்புக் கோடு சோதனை

உங்கள் பிரேக் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி. வண்டி வராத தெருவில் 25 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு 6 விநாடியில் வந்தால் உங்கள் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். இரண்டாவது கோட்டில் முன்சக்கரம் பட்டதும் இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள்.

அமெரிக்காவில் 1976-ல் நடைமுறைக்கு வந்த சைக்கிள் பாதுகாப்பு விதிப்படி, சுமார் 68 கிலோ எடையுள்ள ஆள் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 4.57 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு 2 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 3 மீட்டரைத் தாண்டினால் மேலே சொன்ன ஏழில் ஏதோ ஒன்று சரியில்லை. அதன்பிறகு ரிம்மில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். மழையில் எவ்வளவு இடம் விட்டு ஓட்ட வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்வதைவிட அந்தக் கோடு நன்றாகச் சொல்லும்.

என் வண்டி அன்று முதல் சோதனையில் நான்கு மீட்டருக்கும் மேலே போனது. பெரியவர் வேலை முடித்த பிறகு இரண்டேகால் மீட்டரில் நின்றது. தண்ணீர் ஊற்றியபோது மீண்டும் தூரம் கூடியது. "குரோம் ரிம்மு அப்படித்தான் சார். மாத்துங்க, இல்லே மழையில மெதுவாப் போங்க" என்றார். அடுத்த போனஸில் இரண்டு அலுமினிய ரிம் வாங்கிப் போட்டேன். அதுவரை மழை நாளில் மகளைக் கேரியரில் ஏற்றவில்லை.

அந்தப் பையனும் புது ரிம் போட்டுக்கொண்டான். கீறவில்லை. மேம்பாலத்தடியில் இப்போதும் திட்டுமேல் நிற்கிறான். "கொஞ்சம் கஷ்டமா இருக்குண்ணா, ஆனா நிக்குது" என்கிறான்.

என் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. அவளுக்கென்று தனிச் சைக்கிள் வந்துவிட்டது. சென்ற ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவியவள் அவள்தான். சந்தனமும் குங்குமமும் ஹேண்டில்பாரிலும் மட்கார்டிலும் மட்டும் வைத்தாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தைச் செயினுக்காக எடுத்தபோது, என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். செயினுக்கு எண்ணெய் விட்டு முடித்ததும் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். பிறகு வேறு ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, இரண்டு சைக்கிளின் ரிம்மையும் துடைத்தாள். துடைத்த துணியை என்னிடம் காட்டி, "பாருப்பா, கறையே இல்லை" என்றாள்.

இந்த மழைக்காலத்தில் வாசகர்களும் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தங்கள் ரிம்மைத் துடைத்துப் பார்க்கலாம்.